ஆடாத முள்

உதறினது உதறினவளுக்கு. மட்டாஞ்சேரியில் சாக்குப் பாண்டிகசாலை நடத்துகிற எந்த முதலாளியும் இதை எழுதி ஒட்டியதில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். காலிச் சாக்கை இரண்டு பெண்கள் நாலு முனையிலும் பிடித்து ஓங்கி ஒரு வீச்சு வீசும்போது மடிப்புத் தையலுக்குள்ளிருந்து எது விழுந்தாலும், அது சாக்கு வாங்கினவனுக்கு அல்ல, கை வலிக்க வீசினவளுக்கு. அரிசி விழும், பருப்பு விழும், மல்லி விழும், சமயத்தில் சுக்குத் துண்டும் மிளகும் விழும். சாயங்காலம் அதைக் கூட்டிப் புடைத்து மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். மாயம்மாள் வீட்டில் குழம்பு கொதித்தால் துவரையும் பாசியும் கடலையும் உளுந்தும் ஒரே சட்டியில் கிடக்கும். பஜார் முழுவதையும் வேகவைத்து இறக்கின மாதிரி ஒரு ருசி.

இந்த உரிமைக்கு ஒரு தடவை ஆபத்து வந்தது. புதிதாக வந்த கணக்குப்பிள்ளை உதிர்ந்ததையும் கூட்டி மூட்டை கட்டினான். மாயம்மாள் கையிலிருந்த கோணி ஊசியைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டு எழுந்தாள். பின்னாலேயே அத்தனை பெண்களும் எழுந்தார்கள். சாக்கு மலையாகக் குவிந்து மழைக்காற்றில் பூத்துப்போன பிறகு முதலாளி சுப்புராஜ், விருதுநகர்க்காரர், தானே தெருவுக்கு வந்து, "உதறினது உங்களுக்குத்தான். வந்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஜெயித்த ஜெயிப்புதான் பின்னால் மாயம்மாள் வீட்டுத் தரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

நடந்தது இப்படி. ருஷ்யாவில் அணு உலை வெடித்ததே, அதற்கு முந்தின வருஷம் சுப்புராஜ் புதுச் சரக்கு ஒன்று பிடித்தார். தெற்கே கடற்கரைகளில் கரிமணல் வாரி விற்கிற யாரோ ஒரு ஏஜென்ட் கழித்துப்போட்ட சாக்குகள். விலை மலிவு, சணல் கெட்டி. உதறினால் மணல் கொட்டியது. கறுப்பில் கொஞ்சம் தேன் நிறம் கலந்த, மினுமினுவென்ற மணல். மஞ்சள் சாக்கு உதறுகிற நாளில் பெண்கள் மஞ்சள் குளித்த மாதிரி வருவார்கள், மிளகு நாளில் தும்மிக்கொண்டே வருவார்கள். மணல் நாளில் கண் இமை கனத்துப்போய் வந்தார்கள். துப்பினால் எச்சில் கறுப்பாக இருந்தது.

"இந்த மண்ணை என்ன செய்ய அண்ணாச்சி?" என்று கேட்டாள் கனகாம்பாள், மாயம்மாளுக்கு எதிர்முனை பிடிக்கிறவள்.

சுப்புராஜ் சிரித்தார். "என்னைக் கேட்டா? உதறினது உங்களுக்குத்தானே."

"மண்ணைக் கொண்டுபோயி வீட்டுல என்ன செய்யிறதாம், பொரிச்சுத் திங்கவா?"

மாயம்மாள் விடவில்லை. "எடுடி கூடையை. இன்னைக்கு மண்ணுதானேன்னு விட்டுக் குடுத்தா, நாளைக்குப் பருப்பையும் மண்ணும்பாரு."

எடுத்தார்கள். வண்டிக்கூலி மிச்சமென்று சுப்புராஜுக்கும் சந்தோஷம்.

மண்ணுக்கு வேலை இல்லாமலும் இல்லை. விருச்சிக மாசம், அதாவது கார்த்திகை, பிறந்துவிட்டால் வாவுக்கு வாவு, அமாவாசையிலும் பௌர்ணமியிலும், கடல் கால்வாய் வழியாக ஏறிச் சாக்குத் தெரு வீடுகளுக்குள் வந்துவிடும். வேலியேற்றம் என்பார்கள். அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துச் சமைத்த நாளெல்லாம் உண்டு. ஆற்று மணல் போட்டு மேடாக்கினால் தண்ணீர் வடியும்போது மணலும் கூடவே வடிந்துவிடும். கரிமணல் அப்படியில்லை. இரும்பு மாதிரி கனம். போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும். மாயம்மாளின் மகன் ஒச்சப்பன் பஜாரில் மூட்டை தூக்குகிறவன். கூடை கூடையாகச் சுமந்து வந்து ஒரு முழம் உயரத்துக்கு நிரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே விரல் கனத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசினான். அந்த வருஷம் தண்ணீர் வாசல்படியோடு நின்றது. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக் கமலாக்ஷி குனிந்து தரையைத் தட்டிப் பார்த்து, "மாயம்மா, இது தரையல்ல, கோட்டை" என்றாள்.

வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். மாயம்மாளின் இளைய மகள் சந்தனமாரி. சாக்குத் தெருவில் முதல் பட்டதாரி. எர்ணாகுளத்துக்குப் படகில் போய்ப் படித்து, பௌதிகத்தில் பி.எஸ்சி. முதல் வகுப்பு வாங்கி, இரண்டு வருஷமாக வேலை இல்லாமல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்குப் 'படிச்சவ' என்று பெயர். யாரும் அதை மரியாதையாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நாக்கில் எண்ணெய் தடவிப் பேசத் தெரியாதவள்.

ஒருநாள் மத்தியானம் கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் தின்றுகொண்டிருந்தார்கள். ஒச்சப்பனின் பெண்குழந்தை வீராயி தவழ்கிற பருவம். சுவரோரத்தில் சாந்து வெடித்த இடத்தில் விரலை விட்டு நோண்டி வாயில் வைத்தது. சந்தனமாரி எச்சில் கையோடு எழுந்து குழந்தையின் முஷ்டியைப் பிரித்தாள். கறுப்பும் தேன் நிறமுமாக மணல்.

ஒரு வருஷமாக அதன்மேல் படுத்து எழுந்தவள்தான். வெளிச்சத்தில், ஒரு சின்ன உள்ளங்கையில் வைத்து அதை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். கல்லூரி ஆய்வுக்கூட அலமாரியில் மெழுகு வைத்து மூடிய ஒரு குப்பி உண்டு. உள்ளே இதே மணல். கதிரியக்கப் பரிசோதனைக்கு என்று வைத்திருந்தது. அட்டெண்டர் அதை இடுக்கியால்தான் எடுப்பார். "தோரியம் இருக்கு, தொடாதீங்கோ" என்பார். இங்கே பிள்ளை வாயிலிருந்து அதை விரல் விட்டு வழித்து எடுக்க வேண்டியிருந்தது.

"அண்ணே, இந்தத் தரையைத் தோண்டணும்" என்றாள்.

ஒச்சப்பன் மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "எதுக்கு? புதையல் இருக்கா?"

"விஷம் இருக்கு. ருஷ்யாவுல வெடிச்சதே, அந்த ஜாதி. கண்ணுக்குத் தெரியாது. மணக்காது. எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிரும்."

"கண்ணுக்கும் தெரியாது, மணக்கவும் செய்யாதுன்னா அது இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

"படிச்சிருக்கேன்."

"படிச்சே. அப்ப ஒரு வருசமா இந்தத் தரையிலதானே குப்புறப் படுத்துக்கிட்டு ரேடியோ கேட்டே, அப்ப எங்க போச்சு படிப்பு?"

மாயம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் சுமந்து வந்த மண்ணுடி அது. யாருகிட்டயும் கையேந்தல. தெருவே மூழ்குறப்ப என் வீட்டுல கால் நனையல. உனக்கு அது விஷமாப் போச்சு."

"ஆத்தா, நீ இருமுறியே, அது எதுனாலன்னு நினைக்கிறே?"

"மொளகாச் சாக்கு உதறுனா உன் காலேஜு வாத்தியாரும் இருமுவான்."

ஒச்சப்பனின் மனைவி பேச்சி குழந்தையைத் தூக்கி வாயைக் கழுவிவிட்டு இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். அவளும் சாக்குத் தைக்கிறவள். அன்று சாயங்காலம் வரை பிள்ளையை இறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் ஒச்சப்பன் இறங்கி வந்தான்.

"இந்தா பாரு மாரி. காய்ச்சலைப் பாக்க ஒரு குச்சி இருக்கு. இதுக்கும் ஒண்ணு இருக்கும்ல? கொண்டு வந்து காட்டு. முள்ளு ஆடுச்சுன்னா நானே மண்வெட்டி எடுக்கேன். ஆடலையா, இந்தப் பேச்சை விட்டுரணும். பிள்ளை தவழ்ற வீட்டுல விஷம் விஷம்னு நாக்குல தொங்க விட்டுக்கிட்டுத் திரியக் கூடாது."

"சரி" என்றாள்.

முதலில் கல்லூரிக்குப் போனாள். ஒரு தீப்பெட்டி மணலைக் கதிரியக்கம் எண்ணுகிற கவுண்டருக்கு அடியில் வைத்தால் தீர்ந்தது கதை. ஆனால் கவுண்டரின் ட்யூப் செத்துப் பல வருஷமாகியிருந்தது. அது அவளுக்கும் தெரிந்ததுதான். அவள் படிக்கும்போதே செத்ததுதான். ரெக்கார்டு நோட்டில் சீனியர்கள் எழுதின எண்களைத்தான் அவளும் எழுதினாள், அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் எழுதினார்கள். அந்த எண்ணுக்குத்தான் முழு மார்க். கதிரியக்கத்தைக் கவுண்டர் எண்ணுகிற சத்தத்தை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. பேராசிரியர் செல்லதுரை, நாகர்கோவில்காரர், "ட்யூப்புக்கு எழுதியிருக்கோம்மா" என்றார். கதிர்வீச்சு பட்டால் கறுத்துக் காட்டுகிற, கையில் கட்டுகிற ஃபிலிம் பட்டைகூட இருக்கிறது, ஆனால் அதை ஸ்தாபனங்களுக்கு மட்டும்தான் தருவார்கள், கழுவிப் பார்க்கப் பம்பாய்க்கு அனுப்பவேண்டும், தனி மனுஷிக்குக் கிடைக்காது என்றார். மணலை அவர் மேஜைமேல் வைக்கவிடவில்லை.

தனி மனுஷிக்குக் கிடைக்கிற இடம் தோப்பும்படியில் நூர் முகம்மதுவின் கடை ஒன்றுதான். வாசலில் ரேடியோ ரிப்பேர் என்று போர்டு. உள்ளே பழைய கப்பல் சாமான், ஏலத்தில் எடுத்த மீட்டர்கள், திசைகாட்டிகள், வயர் சுருள்கள். துறைமுகத்து மீன் வாடையோடு ஈயம் உருகுகிற புகை.

"பாய், கதிரியக்கம் அளக்கிற கருவி வேணும். மலிவா."

நூர் முகம்மது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எதுக்கு புள்ளே, ருஷ்யாவுக்குப் போறியா?"

"வீட்டுக்கு."

"ஊரெல்லாம் வீட்டுக்கு டிவி வாங்குது. மாயம்மா மவளுக்கு அணுகுண்டு மீட்டர் வேணுமாம். இரு, இருக்கு."

அவர் எடுத்துவைத்த முதல் சாமான் பேனா மாதிரி இருந்தது. சட்டைப்பையில் குத்திக்கொள்வது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கோடு நகரும்.

"இதுக்குச் சார்ஜ் ஏத்துற பெட்டி எங்க பாய்?"

"அது இல்ல."

"அது இல்லாட்டி இது வெறும் பேனா."

"பேனாவாவும் எழுதாது, அதையும் சொல்லிட்டேன். வியாபாரத்துல நான் பொய் பேச மாட்டேன்."

இரண்டாவது, இல்லாத சாமான். பம்பாயிலிருந்து ட்யூப் வரவழைத்தால் கிளிக் கிளிக்கென்று சத்தம் போடுகிற கவுண்டரை அவரே கட்டித் தருவார். "வால்வு ரேடியோவுல ஓடுற மாதிரிதான் சர்க்யூட்டு, என்னால ஆகும். ஆனா ட்யூப் விலையைக் கேட்டா நீ இந்த ஸ்டூலை விட்டு விழுந்துருவே. விழுந்தாலும் பரவாயில்ல, சாமான் எப்ப வரும்னு கேட்டா நான் விழுந்துருவேன்."

மூன்றாவதுதான் பெட்டி. மஞ்சள் நிறம், தூக்குவாளி மாதிரி மேலே பிடி, கண்ணாடிக்குள் முள். ஏதோ கப்பலிலிருந்து கழித்தது. நூர் முகம்மது டார்ச் செல்லைப் போட்டு, திருகை 'சோதனை' என்ற இடத்துக்குத் திருப்பினார். முள் துள்ளி எழுந்து கோட்டில் நின்றது.

"பாத்தியா, உசிரோட இருக்கு. பேனா ஒத்தக் கண்ணுக்கு. இது ஊருக்கே தெரியும்."

அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் தெரியவேண்டும். அண்ணனுக்கு, ஆத்தாளுக்கு, சுப்புராஜுக்கு, தரையைத் தட்டிப் பார்த்த ஒவ்வொருத்திக்கும். தனக்கு மட்டும் தெரிந்து அவளுக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் குனிந்து எழுத்தைப் படித்தாள். மணிக்கு இத்தனை ராண்ட்ஜென் என்று பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. பக்கத்துத் திருகில் ஒரு மடங்கு, பத்து மடங்கு, நூறு மடங்கு. ராண்ட்ஜென் என்றால் என்ன என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். உலர்ந்த காற்றில், இத்தனை வெப்பத்தில், இத்தனை அழுத்தத்தில் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுவாள். ஆனால் ஒரு ராண்ட்ஜென் என்பது சிட்டிகையா, மூட்டையா? அதை எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. அதனால் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

"இது கொஞ்சமா இருந்தாலும் காட்டுமா பாய்?"

"ஐநூறு வரைக்கும் அளக்குது. ஐநூறு அளக்கிறவனுக்கு ஒண்ணு அளக்கத் தெரியாதா?"

நியாயமாகத்தான் பட்டது. பி.எட். சேரவென்று சீட்டுப் போட்டுச் சேர்த்ததைக் கொடுத்து வாங்கினாள். படகுத்துறைப் பாலத்தில் பெட்டியைப் பிடித்து நடந்தபோது, ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று நினைத்து ஒருத்தர் வழிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குள் நிற்க இடமில்லை. வாசலில் கமலாக்ஷி, ஜன்னலில் கனகாம்பாள், தெருவில் மற்றவர்கள். சுப்புராஜும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தன் சாக்குக்குப் பஞ்சாயத்து என்றால் வராமல் இருப்பாரா.

"எந்தா மோளே, பெண்ணு காணலா? இத்ர ஆளு கூடி நிக்குது" என்றாள் கமலாக்ஷி.

"மாப்பிள்ளை பெட்டிக்குள்ள இருக்காரு சேச்சி, வெளிய வரக் கூச்சப்படுறாரு" என்றான் ஒச்சப்பன். எல்லாரும் சிரித்தார்கள்.

சந்தனமாரி பெட்டியைத் தரையில் வைத்துச் சோதனைக்குத் திருப்பினாள். முள் எழுந்தது. ஜன்னல் பக்கம் யாரோ "ஆத்தே" என்றார்கள். மாயம்மாளின் முகம் வெளுத்தது.

"இது சும்மா, செல்லு இருக்கான்னு பாக்கிறது" என்றாள் சந்தனமாரி. பிறகு ஒரு மடங்குக்குத் திருப்பினாள்.

முள் படுத்தது. பூஜ்யத்தின்மேல், செத்த கரப்பான் மாதிரி. சாந்து வெடித்த இடத்துக்கு நகர்த்தினாள். கரண்டியால் மணலை வாரிப் பெட்டியின்மேலேயே கொட்டினாள். தட்டினாள். அடுப்படியில், படுக்கிற இடத்தில், குழந்தையின் தூளிக்குக் கீழே. முள்ளுக்கு இவள்மேல் எந்த இரக்கமும் இல்லை.

சுப்புராஜ்தான் முதலில் பேசினார். குரலில் கேலிகூட இல்லை, அதுதான் அவளுக்கு எரிந்தது. "நல்லதாப் போச்சும்மா. எனக்கும் மனசுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. மேல்படிச்ச பிள்ளை, மிஷினே கொண்டாந்து பாத்துட்டே. இனி யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல." பெண்கள் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரம் இன்னும் நாலு லோடு சாக்கு வருது. வேலியேத்தத்துக்கு முன்னால யாருக்கு மண்ணு வேணுமோ எடுத்துக்கிடுங்க."

உண்மையைச் சொன்னால், சந்தனமாரிக்கு அவமானத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. பேச்சி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கினாள். அது விட்ட இடத்திலிருந்து தவழ்ந்துபோய் அத்தையின் காலைப் பிடித்து எழுந்து நின்றது. அன்று அவள் இரண்டு தட்டு சோறு தின்றாள். இல்லாமலே போகட்டும். தான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

நிம்மதி அதிக நாள் நிற்கவில்லை. ட்யூஷன் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தன் வாயாலேயே அவள் சொன்னாள்: வானத்திலிருந்து வருவது, மண்ணிலிருந்து வருவது, சுவரிலிருந்து வருவது என்று எங்கேயும் கொஞ்சம் கதிர்வீச்சு இருந்துகொண்டே இருக்கும், உலகத்தில் அது இல்லாத இடமே இல்லை. சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இல்லாத இடமே இல்லையென்றால் அந்த முள் எப்படிப் பூஜ்யத்தில் கிடந்தது? தெருவில் வைத்தாள், பூஜ்யம். படகில் வைத்தாள், பூஜ்யம். கொஞ்சம் இருந்தாலும் பூஜ்யம், இன்னும் கொஞ்சம் இருந்தாலும் பூஜ்யம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்லதுரையிடம் போனாள். அவர் முள்ளைக்கூடப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தார்.

"இதை எங்க பிடிச்சீங்க? இது யுத்தத்துக்குள்ளதும்மா. குண்டு விழுந்த பிறகு, கப்பலோட மேல்தட்டுல மனுஷன் எவ்வளவு நேரம் நிக்கலாம்னு பாக்கிறது. இதுல முதல் கோட்டைத் தொடணும்னா உங்க வீட்டு மணலைவிட ஆயிரம் பங்கு வேணும். முள்ளு ஆடுச்சுன்னா அந்த இடத்துல நிக்கவே கூடாது, ஓடிரணும்."

"அப்ப பூஜ்யம்னா?"

"பூஜ்யம்னா யுத்தம் நடக்கலைன்னு அர்த்தம்." அவர் சிரிக்க ஆரம்பித்து அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "தூசியா மூச்சுல போறது, பிள்ளை முழுங்குறது, அதையெல்லாம் இது எந்தக் காலத்திலயும் காட்டாது. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்கம்மா. காலேஜ் பேரு வரும்."

மிளகு மூட்டை நிறுக்கிற தராசில் ஒரு ஏலக்காயை வைத்துவிட்டு எடையே இல்லை என்று அவள் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். மட்டாஞ்சேரியில் பிறந்த சுண்டெலிக்குக்கூடத் தெரிந்த கணக்கு. திரும்புகிற வழியில் படகு ஆடியபோது பெட்டியைக் கடலில் போட்டுவிடலாமா என்றிருந்தது. போடவில்லை.

வீட்டில் சொன்னாள். மாயம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள். ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"ஆடுனா தோண்டுறேன்னேன். ஆடல. இப்ப ஆடாததுதான் தப்புங்குறே. நாளைக்கு என்ன சொல்லுவே?"

"தப்பான கருவியை வாங்கிட்டேன்ணே. என் தப்பு. மண்ணோட குணம் மாறலையே."

"வாங்குனது நீ. படிச்சதும் நீ. உனக்கே அது என்ன சாமான்னு தெரியல. பெறகு அந்த மண்ணைப் பத்தி மட்டும் உனக்கு எப்படித் தெரியும்? சொல்லு, நான் கேக்குறது தப்பா?"

தப்பில்லை. அதுதான் கொடுமை. அவன் கேட்டதில் ஒரு சொல் தப்பில்லை.

தெருவில் அதற்குள் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் தரை உயர்ந்துவிட்டது. "மாரி மிஷின் வச்சுப் பாத்த மண்ணு" என்றே பேர். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கனகாம்பாள் உள்ளே கூப்பிட்டுச் சாயா கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்க மாரி" என்றாள். கமலாக்ஷிக்கு மட்டும் மண் கிடைக்கவில்லை. அவள் சாக்கு உதறுகிறவள் இல்லை, வீட்டுவேலைக்குப் போகிறவள். உதறாதவளுக்கு உரிமை ஏது.

விருச்சிக வாவுக்கு முந்தின நாள், ஒச்சப்பனும் மாயம்மாளும் வேலைக்குப் போனபிறகு, சந்தனமாரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். பேச்சிக்குக் காய்ச்சல், அன்று வேலைக்குப் போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"மதினி, நீ தடுக்கிறதா இருந்தா இப்பவே தடுத்துரு" என்றாள் சந்தனமாரி.

பேச்சி ஒற்றைக் கையால் பாயைச் சுருட்டினாள். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியல மாரி. நீ சொல்றது நெசமோ பொய்யோ. ஆனா அன்னைக்கு நீ எச்சில் கையோட எழுந்து அவ வாயை வழிச்சே. அதைத்தான் நான் பாத்தேன். தோண்டு. உங்கண்ணன் வந்தா நான் பேசிக்கிறேன்." பாயையும் பானையையும் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு, பிள்ளையோடு வெளியே போய் நிழலில் உட்கார்ந்தாள்.

சாந்து உடைந்தது. மணல் வரமாட்டேனென்றது. ஒச்சப்பன் அன்றைக்கு இடித்த இடி அப்படி. மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, வெட்டி, வாரி, தலையில் சுமந்து வாசலுக்கு வெளியே கொட்டினாள். கை பொத்துப்போய் மண்வெட்டிக் காம்பு வழுக்கியது. காலேஜில் படித்த அத்தனை வருஷமும் அவளுக்கு இவ்வளவு தெளிவாக ஒரு வேலையும் இருந்ததில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்கு வீடு ஒரு முழப் பள்ளமாகவும் வாசலில் கறுப்பாக ஒரு குன்றும் இருந்தது. ஒரு கைவண்டி பிடித்து மணலை ஆளில்லாத புறம்போக்கில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டால் முடிந்தது. வண்டிப்பேட்டைக்குப் போனாள். வாவு வருவதால் வண்டிகளெல்லாம் பாண்டிகசாலைச் சரக்கை மேட்டுக்கு ஏற்றுவதில் இருந்தன. கெஞ்சி, சண்டை போட்டு, ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

வாசலில் குன்று இல்லை. கூட்டி வாரின தடம் மட்டும் இருந்தது. கடைசிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கமலாக்ஷி தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். அவள் மருமகள் உள்ளே இடித்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"சேச்சி, அதைக் கீழ போடுங்க."

"நீ எறிஞ்சதல்லே மோளே? எறிஞ்சது ஆர்க்கும் எடுக்கலாம்."

"அது விஷம் சேச்சி. உங்க பேரப்பிள்ளை தவழும்."

"ஞான் கண்டதல்லே? நீ தன்னெ மிஷின் வச்சு, முள்ளு அனங்கலை, ஆடவே இல்லை." கூடையைச் சந்தனமாரி பிடித்தாள். கமலாக்ஷி விடவில்லை. வயசான உடம்பு, ஆனால் அம்மியும் தண்ணிக்குடமும் தூக்கின கை. இருவரும் நடுத்தெருவில் இழுத்தார்கள். கமலாக்ஷியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எல்லா வீட்டுலயும் மண்ணு இட்டாச்சு. ஞான் சாக்கு உதறாத்தவள், எனிக்கு ஆரும் ஒரு கூடை தந்தில்லை. போன வருஷம் முழங்கால் வெள்ளத்துல குஞ்ஞை மேசைமேல கிடத்தி உறக்கம் ஒழிச்சேன். உனக்கு வேண்டாத்த மண்ணும் எனக்குத் தரக்கூடாதா? படிச்ச பெண்ணுக்கு இத்ர பொறாமை ஆகாது."

சுற்றி நின்றவர்கள் சந்தனமாரியைத்தான் பார்த்தார்கள். பேச்சி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "நான் எவ்வளவோ சொன்னேன் மாரி. கேக்கல. பிள்ளையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய முடியும்." சந்தனமாரியின் கை தானாக விட்டது. வண்டிக்காரன் வந்ததற்குக் கூலி கேட்டான்.

வேலை விட்டு வந்த ஒச்சப்பன் வாசலில் நின்று பள்ளத்தைப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. ஆத்தாளைக் கைப்பிடித்து இறக்கிக் கட்டிலில் உட்காரவைத்தான். மாயம்மாள் முந்தானை முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. அதற்குள் அன்றைய பருப்பு இருந்தது.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கடல் ஏறியது. கால்வாய் முதலில் மணந்தது, பிறகு நிரம்பியது, பிறகு தெருவுக்கு வந்தது. எல்லா வாசல்படியிலும் முட்டிப் பார்த்துவிட்டு, வழி கிடைத்த ஒரே வீட்டுக்குள் சளசளவென்று இறங்கியது. அடுப்பு அணைந்தது. தண்ணீர் கட்டில் சட்டத்துக்கு ஏறியது. ஒச்சப்பன் ஆத்தாளைக் கட்டில்மேல் அடுக்கிய சாக்குக் கட்டின்மேல் ஏற்றினான். நனைந்த பாயைச் சந்தனமாரி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தாள். பேச்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாள். அவளுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. பல் கிட்டியது.

எதிர்வீட்டு வாசலில் கமலாக்ஷி சிமினி விளக்கோடு நின்றாள். முந்தின நாள் சண்டை அவள் முகத்தில் இல்லை.

"பேச்சி, குஞ்ஞை வெள்ளத்துல வச்சோண்டு எந்தினு நிக்குது? இங்கு கொண்டு வா. எங்க வீட்டுல ஒரு துள்ளி வெள்ளமில்லை."

பேச்சி சந்தனமாரியைப் பார்த்தாள். "மாரி, என்ன செய்யட்டும்?"

ஒச்சப்பனும் திரும்பிப் பார்த்தான். மாயம்மாளும் பார்த்தாள். சந்தனமாரி வாயைத் திறந்தாள். குழந்தை இருமியது, ஈரத்தில் ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

"சொல்லு மாரி."

அவள் சொல்லவில்லை. பேச்சி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு தண்ணீரை விலக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். கமலாக்ஷி குழந்தையை வாங்கித் துடைத்தாள். சாக்கு ஒன்றை விரித்து அதன்மேல் விட்டாள். திறந்த கதவு வழியாகச் சந்தனமாரிக்கு எல்லாம் தெரிந்தது. சாந்து பூச அவர்களுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. விளக்கொளியில் தரை மினுங்கியது. வீராயி சாக்கின் ஓரம்வரை தவழ்ந்தாள். ஓரத்தைத் தாண்டிக் கையை வைத்தாள். தரை நன்றாகக் காய்ந்திருந்தது.